மணவறைக்குக் கறுப்பு அடித்த ஓவியர்

நாற்பத்தொரு யானை. ஜுசாரா மொரேய்ரா லண்டனில் இதுவரை செய்து வண்ணம் தீட்டியவை அவ்வளவு. மயில்களை அவர் எண்ணுவதில்லை. அன்னங்கள் முப்பதைத் தாண்டும். எல்லாமே றெஜிபோம், புதுத் தொலைக்காட்சி வாங்கினால் அது உடையாமல் இருக்கச் சுற்றி வைத்திருப்பார்களே, அந்த வெள்ளைப் பொருள்தான். கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கோ, பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டுக்கோ போய், மண்டப வாசலில் தும்பிக்கை தூக்கி நின்ற யானையோடு நீங்கள் படம் எடுத்திருந்தால், அந்த யானை பெரும்பாலும் இவர் கைவேலைதான்.

வயது ஐம்பத்திரண்டு. பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் சாபாரா என்ற மலையூரில் பிறந்தவர். அப்பா பஸ் நடத்துநர், அம்மா தையற்காரி. கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் இவரைத் தெரிந்தவர்கள் 'சாரா அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். முழுப்பெயர் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது.

பத்தொன்பது வயதில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஊரிலிருந்த பழைய தேவாலயம் ஒன்றில். பொன்பூசிய மரப் பலிபீடத்தில் இருநூறு ஆண்டுகளாகப் படிந்திருந்த மெழுகுதிரிக் கரியைப் பஞ்சால் ஒற்றி எடுக்கும் வேலை. மூன்று ஆண்டுகள் ஒரே சுவரின் முன் நின்றார். பிறகு ரியோ டி ஜெனீரோவுக்குப் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் கார்னிவல் ஊர்திகளுக்கு வண்ணம் தீட்டினார். நான்கு மாடி உயரம், நூறு பேர் மேலே நின்று ஆடுவார்கள். அங்கே அவர் கற்றது ஒன்றே ஒன்று என்கிறார்: பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்காக வரையாதே, கடைசி வரிசையில் நிற்கிறவனுக்காக வரை.

கார்னிவல் பட்டறையில் வேலை குறைந்தபோது, இத்தாலியரான பாட்டன் விட்டுச்சென்ற உரிமையில் இத்தாலிக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு 2016இல் லண்டனுக்கு வந்தார். வந்து செய்தது துப்புரவு வேலை. கனரி வார்ஃபில் ஒரு வங்கியின் மூன்று மாடிகள், காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் விழா மண்டபங்கள்.

அப்படியொரு ஞாயிறு காலையில்தான் யானையின் தும்பிக்கை முறிந்தது.

அந்த யானை கணேசலிங்கத்துடையது. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், டோட்மண்டில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மனைவி சுசிலாவோடு சேர்ந்து மணவறைச் சோடனைத் தொழில், அதாவது மணமேடை அலங்காரத் தொழில் நடத்துகிறார். வான் வண்டியிலிருந்து யானையை இறக்கும்போது கதவில் இடித்து, தும்பிக்கை பாதியில் கழன்று தரையில் விழுந்தது. மாப்பிள்ளை வர இன்னும் நாற்பது நிமிடம். கணேசலிங்கம் தலையில் கைவைத்து நின்றார். துடைப்பத்தோடு அந்த வழியாக வந்த ஒரு வெளிநாட்டுப் பெண், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தும்பிக்கையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதைத் தொடாதேங்கோ!" என்று சுசிலா கத்தினார்.

ஜுசாராவுக்கு அப்போது தமிழ் விளங்காது. மண்டபச் சமையலறையிலிருந்து நான்கு பார்பிக்யூக் கம்பிகளை எடுத்து வந்து உள்ளே செருகினார். பசை கேட்டு வாங்கி ஒட்டினார். ஒட்டிய இடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சாம்பல் பெயின்ற் யாரிடமும் இல்லை. மணமகள் அறைக் கதவைத் தட்டி, அலங்காரம் செய்த பெண்ணிடம் அவளது முகப்பூச்சுப் பெட்டியை இரவல் வாங்கினார். கண்ணிமைக்குப் பூசும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம், மாநிறப் பூச்சில் கொஞ்சம், விரலாலேயே கலந்து தடவினார். மாப்பிள்ளை வந்தபோது யானை தும்பிக்கை தூக்கி நின்றது. முறிவு எங்கே என்று கணேசலிங்கமே தேடினார்.

"உவா கிளீனர் இல்லையப்பா," என்றார் சுசிலா. "உவாவை விட்டிடாதேங்கோ."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஜுசாரா பார்க்கிங்கிலுள்ள அவர்களது பட்டறைக்கு வரத் தொடங்கினார். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒருபக்கம் காருக்கு டயர் மாற்றுகிறார்கள், மறுபக்கம் ஒரு கானா நாட்டுத் தேவாலயம். நடுவில் இவர்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று ஆரம்பித்தது பிறகு மூன்றாயிற்று. காலைத் துப்புரவு வேலையை மட்டும் விடவில்லை, வாடகை அதிலிருந்துதான்.

கார்னிவல் என்றால் என்ன என்று கணேசலிங்கம் ஒருமுறை கேட்டார்.

"அதென்ன, எங்கட தேர்த் திருவிழா மாதிரியோ?"

"ஓம் அண்ணை," என்றார் ஜுசாரா. அதற்குள் அவருக்கு அவ்வளவு தமிழ் வந்திருந்தது. பிறகு ஆங்கிலத்தில்: "ஆனால் உங்கள் தேரில் சாமி உட்கார்ந்திருக்கும். எங்கள் தேரில் எல்லோரும் ஆடுவார்கள். துணி குறைவு."

"மிச்சத்தை இவருக்குச் சொல்லாதே," என்றார் சுசிலா.

ஜுசாரா எளிய மனுஷி என்று சொல்ல முடியாது. தூரிகைகளை வேறு யாரும் கழுவக் கூடாது. பெயின்ற் வாளியை மூடாமல் போனவர் அன்று முழுக்கப் பேச்சு வாங்குவார். வேலை நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஆனால் ஆறே மாதத்தில் அவர் கை அந்தத் தொழிலையே மாற்றிவிட்டது. அதுவரை லண்டன் மணவறைகளில் மயில் என்றால் நீலம், யானை என்றால் சாம்பல், தூண் என்றால் தங்க ஸ்பிரே. இவர் மயிலின் கழுத்தில் ஊதாவும் பச்சையும் செம்பும் அடுக்கினார். மேடைவிளக்கு நகரும்போது அந்தக் கழுத்து திரும்புவதுபோல் இருக்கும். வீடியோ எடுப்பவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள்.

இதைத் தவிர அவருக்குச் சொந்தமாக ஒரு வேலையும் உண்டு. விடியற்காலைப் பஸ்ஸில் அவரோடு போகிறவர்கள் எல்லோரும் துப்புரவுத் தொழிலாளர்கள். கானா, கொலம்பியா, ருமேனியா, வங்காளதேசம். பெரும்பாலானோர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். ஜுசாரா சின்ன நோட்டில் அவர்களைக் கோடிழுத்துக்கொள்வார். ஞாயிறு மாலைகளில் பட்டறையில் மிஞ்சிய அட்டைத் துண்டில் அதை வண்ணப் படமாக்குவார். காய்ந்ததும் உரியவரிடம் பஸ்ஸிலேயே கொடுத்துவிடுவார். முந்நூறுக்கு மேல் கொடுத்திருப்பார். ஒன்றையும் விற்றதில்லை. ஒருவரும் அதில் விகாரமாக இல்லை. வாய் திறந்து தூங்குகிறவர்களைக்கூட, அவர்கள் உழைத்த உழைப்பு தெரியும்படி, மரியாதையோடு வரைந்திருக்கிறார்.

இந்த ஆண்டு ஜூலையில் கணேசலிங்கம் ஒரு பேச்சை எடுத்தார். அதுவரை மணவறைகளை அவரே கோடு போட்டுக் கொடுப்பார், ஜுசாரா வண்ணம் தீட்டுவார். ஆகஸ்ட் 31 ஞாயிறு ஒரு பெரிய கல்யாணம். அதற்கான மணவறையை அடியிலிருந்து நுனிவரை ஜுசாராவே வடிவமைக்கட்டும். அது நன்றாக நின்றால், துப்புரவு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பட்டறைக்கு வரலாம்.

ஜுசாரா இரண்டு நாள் நோட்டில் கோடு போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒன்பது அடி உயர ஆறு தூண்களின் படத்தோடு வந்தார். தூண் முழுக்கக் கொடி, கொடிக்குள் கிளி, கிளியின் வாயில் பழம். சாபாராவின் பலிபீடத் தூண்களில் அவர் பஞ்சால் துடைத்த திராட்சைக்கொடி, இங்கே வெற்றிலைக்கொடியாகியிருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய். பகல் ஒன்றரை மணி. மணமகள் தர்மிகாவின் அம்மா வசந்தமலர், சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கு வந்தார். நோர்பரியில் இருக்கிறார், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. காலை ஷிப்ட் முடிந்து, சீருடையை மாற்றாமலே நகரத்தின் மறுகோடியிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார். மகளின் மணவறை எப்படி வருகிறது என்று ஒரு பார்வை பார்க்க ஆசை.

உள்ளே ஆறு தூண்கள் வரிசையாக நின்றன. ஆறும் கறுப்பு. அடியிலிருந்து நுனிவரை, கிளி, கொடி, பழம் எல்லாம் கன்னங்கரேலென்று.

"என்ன கோதாரி இது?" என்றார் வசந்தமலர்.

கணேசலிங்கம் ஓடி வந்தார். "அக்கா, இது அடிப்பூச்சு. பயப்பிடாதேங்கோ. இதுக்கு மேல முழுக்கத் தங்கம் வரும்."

"என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்குக் கறுப்பு மணவறையோ அண்ணை?"

"கறுப்புத் தெரியாது அக்கா. ஒரு பொட்டும் தெரியாது."

"தெரியாட்டில் இல்லையெண்டு ஆகுமோ? அடியில இருந்தாலும் அது கறுப்புத்தானே. அதுக்குள்ளயே அவளை இருத்தித் தாலி கட்டுறது?"

நடந்தது இதுதான். கார்னிவலில் பொன்னுக்கு அடியில் கறுப்புத்தான் அடிப்பார்கள். தங்கத்தை மேலே உலர்ந்த தூரிகையால் தேய்த்தால், பள்ளங்களில் கறுப்பு நின்றுவிடும். கடைசி வரிசைக்கும் செதுக்கல் எடுப்பாகத் தெரியும். பதினெட்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தார். அதுவரை பட்டறையில் தூண்களுக்கு ஸ்பிரே அடித்ததால் அடிப்பூச்சுக்கே இடம் இருந்ததில்லை. மயிலுக்கும் யானைக்கும் அது தேவைப்படவில்லை. தமிழர் கல்யாணத்தில் கறுப்பு ஆகாது என்பதை, எட்டு ஆண்டுகளில் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டி வரவில்லை. கணேசலிங்கமும் சுசிலாவும் அன்று காலை ஒரு சாமத்தியவீட்டுச் சோடனையைக் கழற்றப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஆறு தூணும் காய்ந்துகொண்டிருந்தன.

வசந்தமலர் ஒரு படம் எடுத்தார். தன் தங்கைக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். தங்கை யாருக்கெல்லாம் அனுப்பினாரோ தெரியாது. மூன்று மணிக்குள் கணேசலிங்கத்தின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலாவது ஆள் மேரிறோஸ். மகளின் பிறந்தநாளுக்கு இவர்களிடம் சோடனை செய்தவர்.

"என்ன அண்ணை, இப்ப செத்தவீட்டுச் சோடனையும் செய்யத் தொடங்கிட்டியளாம்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கணேசலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்தமலர் போகும்போது ஒரே வார்த்தைதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: கறுப்பு ஒரு துளியும் இல்லாத மணவறை வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன்.

தூணிலிருந்து கறுப்பை எடுக்க முடியாது. தின்னர் பட்டால் றெஜிபோம் உருகி ஓடிவிடும். பசையில் நனைத்த கடதாசியைத் தோல்போலப் போர்த்தி அதன்மேல்தான் வண்ணம் பூசுகிறார்கள். தோலை உரித்தால் கொடியும் கிளியும் சேர்ந்து வரும். புதிதாக வெட்டலாம் என்றால், பட்டறையில் இருந்தது நான்கு தூணுக்கான கட்டிகள் மட்டும். முந்தின நாள் திங்கள் வங்கி விடுமுறையாதலால் எல்லாம் பிந்தி, அடுத்த சுமை வந்து சேரக் கல்யாணம் முடிந்துவிடும்.

கணேசலிங்கம் கதவைச் சாத்தினார். ஜுசாராவிடம் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இங்க பாரும். இதுக்கு மேல வடிவா வெள்ளை ரெண்டு கோட் அடியும். பிறகு சிவப்போ மஞ்சளோ. அவாவுக்குப் படம் அனுப்புவம். புதுத்தூண் எண்டு சொல்லுவம். ஆர் கிழிச்சுப் பாக்கப்போயினம்?"

"இல்லை அண்ணை."

"என்ன இல்லை?"

"மேலே என்ன நிறம் என்று அந்த அக்கா கேட்கவில்லை," என்றார் ஜுசாரா ஆங்கிலத்தில். "அடியில் என்ன என்று கேட்டார். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். தாலி கட்டும்போது நான் அந்த மண்டபத்தில் நிற்பேன். எனக்கு யார் சொல்லி நான் நம்புவது?"

"நீர் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போற ஆள். உமக்கு என்ன கறுப்பும் சிவப்பும்?"

"எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு இருக்கிறது."

சுசிலா பூச்சரத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் ஏலாதப்பா. ஐயர் மந்திரம் சொல்லேக்க அதுக்குப் பக்கத்தில நிண்டு நான் பூப் போடவேணும்."

கணேசலிங்கம் இருவரையும் பார்த்தார். "சரி. வெட்டுங்கோ. ஆனா ஞாயிற்றுக்கிழமை இது நிக்காட்டில், முழுநேர வேலையெண்ட கதையும் இல்லை. இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஓம்," என்றார் ஜுசாரா.

புதன் முழுக்கச் சூட்டுக்கம்பியால் வெட்டினார்கள். கணேசலிங்கம் உருளை வடிவத்துக்குக் கொண்டுவர, ஜுசாரா கத்தியால் கொடியைச் செதுக்கினார். ஆறு தூணுக்குப் போட்ட வடிவத்தை நான்காகக் குறைத்தார். கிளிகளைப் பெரிதாக்கினார், பழங்களைக் குறைத்தார். வியாழன் கடதாசித் தோல். ஆகஸ்ட் வெயிலில் தகரக் கூரை அடுப்பாகக் கொதித்தது. அதனால் ஒரே நாளில் காய்ந்தது. இரு நாளும் காலை ஐந்து மணிக்கு வங்கியின் மூன்று மாடிகளையும் துடைத்துவிட்டுத்தான் வந்தார்.

வண்ணம் என்ன என்பது செவ்வாய் மாலையே அவருக்குத் தெளிவாகியிருந்தது. சாபாராவின் பலிபீடத்தில் கை பட்டுப் பட்டுப் பொன் தேய்ந்த இடங்களில் எட்டிப் பார்த்தது கறுப்பல்ல, சிவப்பு. அந்தக் காலத்தில் பொன்னுக்கு அடியில் செம்மண் பூசினார்கள். கார்னிவலில் அதற்கு நேரமில்லை, பொறுமையுமில்லை; செம்பூச்சு என்றால் மேலே பொன்னை மூன்று முறை மெல்லிதாக ஏற்ற வேண்டும். கறுப்பு குறுக்கு வழி. அவர் தானே அதைச் சொன்னார், சற்று வெட்கத்தோடு.

வெள்ளி காலை நான்கு தூணுக்கும் சிவப்புப் பூசி முடித்ததும், கணேசலிங்கத்திடம் தொலைபேசியை வாங்கி வசந்தமலரை அழைத்தார். தமிழில்தான் பேசினார்.

"அக்கா, நீங்க வாங்கோ. தங்கம் இன்னும் போடேல்லை. பாத்திட்டுச் சொல்லுங்கோ, பிறகு போடுறன்."

கல்யாணத்துக்கு இரண்டு நாள். வசந்தமலரின் வீடு நிறைய ஆட்கள். கனடாவிலிருந்து வந்தவர்கள் மட்டும் ஏழு பேர். இருந்தும் வந்தார், கையில் ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு. பட்டறைக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார். பிறகு ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தார். ஒரு கிளியின் வயிற்றுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் குனிந்து அடித்தளத்தைப் பார்த்தார். அங்கே பூச்சு விடுபட்ட ஓரத்தில் றெஜிபோம் வெள்ளையாகத் தெரிந்தது.

"புதுசுதான்," என்றார்.

"புதுசுதான் அக்கா."

"இது கூறைச் சேலை நிறமெல்லோ." திரும்பிக் கணேசலிங்கத்தைப் பார்த்தார். "இப்பிடியே விடுங்கோவன் அண்ணை. தங்கம் என்னத்துக்கு? இதே வடிவாயிருக்கு."

"இல்லை," என்றார் ஜுசாரா.

வசந்தமலர் திடுக்கிட்டார். கணேசலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, நீங்க கறுப்பு வேண்டாம் எண்டீங்க. நான் கேட்டன். இப்ப நான் தங்கம் வேணும் எண்டுறன். நீங்க கேளுங்கோ."

வசந்தமலர் ஜுசாராவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வசந்தமலர் சிரித்துவிட்டார். "உந்தத் தங்கச்சி சரியான ஆள்தான் அண்ணை," என்றார். "ரோல்ஸ் ஆற முன்னம் சாப்பிடுங்கோ. ஆறு தூண் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"நாலுக்குத்தான் கட்டி இருந்தது," என்றார் கணேசலிங்கம்.

"நாலு காணும். ஆறெண்டால் ஐயருக்குப் பின்னால சொந்தக்காரர் நிண்டு எட்டிப் பாக்க இடமில்லை. பிறகு அது ஒரு சண்டை."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் மணவறை எழுந்தது. விளக்குகளைப் போட்டதும் தூண்கள் மஞ்சளாக மினுங்கவில்லை. உள்ளிருந்து சூடேறியதுபோல் ஒளிர்ந்தன. பள்ளங்களில் கறுப்புக்குப் பதிலாகச் சிவப்பு நின்றது. மணமகள் கூறையோடு வந்து உட்கார்ந்தபோது, சேலை எங்கே முடிகிறது, தூண் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. வீடியோக்காரர் றமணன், தன் கமராவில் நிறம் திருத்த ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்னார். ஜுசாரா மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய், பெயின்ற் பட்ட காற்சட்டையோடு, தாலி கட்டி முடியும்வரை அங்கேயே நின்றார். எல்லோரும் அரிசி எறிந்தபோது அவரும் எறிந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அது மணமக்கள்மேல் விழவில்லை. முன்வரிசைத் தலைகளில் விழுந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா கணேசலிங்கத்தைப் பிடித்தார். ஜனவரியில் அவரது மகளுக்குக் கல்யாணம். "ஆர் செய்தது உது?" என்று கேட்டார்.

கணேசலிங்கம் கடைசி வரிசையைக் கைகாட்டினார். "அங்க நிக்கிறா எங்கட ஓவியர். வேற ஆரோடயும் கதையாதேங்கோ, அவாவோட கதையுங்கோ."

கறுப்புத் தூண்கள் ஆறும் வீணாகவில்லை. பட்டறைக்குப் பக்கத்திலுள்ள கானாத் தேவாலயத்தின் போதகருக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. கறுப்பும் பொன்னும்தான் வேண்டும் என்று அவர் குடும்பம் கேட்டது. ஜுசாரா மேலே தங்கத்தைத் தேய்த்துக் கொடுத்தார். தமிழர் விழாக்களுக்குப் போகும் சாமான்களோடு அவற்றை வைக்கக் கூடாதென்று சுசிலா தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்.

வங்கியைத் துப்புரவு செய்யும் நிறுவனத்துக்கு ஜுசாரா வேலை விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். அவரது கடைசி ஷிப்ட் செப்டெம்பர் 26, வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் பார்க்கிங் பட்டறையில் முழுநேர வேலை தொடங்குகிறார்.